மலைப்பாதையில் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள்: நீலகிரி மாவட்ட நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை நீதிபதிகள், நீதித்துறை நடுவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கோத்தகிரி வட்டத்தில் இருக்கும் ஒரு சிறு தேயிலை விவசாயி. சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நீதிமன்றங்கள் கொடுக்கும் தண்டனை, அவர்களால் மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை என்பதை அருகிலிருந்து பார்த்தவன். இதை டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பதை விட உங்களிடமே சொல்வதுதான் முறை என்று பட்டது. நிலுவையில் இருக்கும் எந்த வழக்கைப் பற்றியும் இங்கே பேசவில்லை.

புதிதாக ஒரு கடுமையான சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதை நாடாளுமன்றத்திடம் கேட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே உங்கள் கையில் இருப்பதை, யாரும் சாவதற்கு முன்பே, முதல் வழக்கிலேயே முழுதாகப் பயன்படுத்துங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு உங்களுக்குத் தெரியாததில்லை. மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னால் முதல் தடவைக்கு அபராதம் 2,000 வரைதான். தொகை ஏறியது, சரி. ஆனால் வழக்கு முடிகிற விதம் மாறியதாகத் தெரியவில்லை. 'டிடி கேஸ்', அதாவது குடித்து ஓட்டிய (டிரங்க் அண்ட் டிரைவ்) வழக்கு என்றால் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் இன்றைக்கும் ஸ்டாண்டில் நிற்கிற ஓட்டுநர்களின் பேச்சு. வார இறுதிக்கு மலையேறி வந்து காட்டேஜில் தங்குகிறவர்களுக்கு 10,000 ரூபாய் இரண்டு இரவு வாடகைகூட ஆகாது.

இந்தக் குற்றத்துக்கு ஸ்பாட் ஃபைன் கிடையாது. ஹெல்மெட் போடாதவரிடம் சாலையிலேயே பணம் வாங்கி அனுப்பிவிடலாம். குடித்தவரை அப்படி அனுப்ப முடியாது, அவர் உங்கள் முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. ஒரு நீதிபதி அவரைப் பார்த்து, யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பதுதானே அதன் நோக்கம்? வரிசையில் நின்று பணம் கட்டிவிட்டுப் போவதற்கு நீதிமன்றம் எதற்கு?

அதே சட்டத்தின் 20-வது பிரிவு, 2-வது உட்பிரிவுக்கு வருகிறேன். 185-ல் தண்டிக்கப்படுகிறவரின் ஓட்டுநர் தகுதியை ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீக்கி நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்கிறது அது. 'உத்தரவிடலாம்' என்று இல்லை. அபராதத்தைக் கட்டினாலும் சரி, குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் சரி, இது தனியாக வந்தாக வேண்டும். ஒரு வழக்கறிஞர் நண்பர் இந்த வரியை எனக்குப் படித்துக் காட்டியபோது திரும்பவும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஏனென்றால் எங்கள் வீட்டு வழக்கின் தீர்ப்பில் அந்த வரியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அந்த வழக்கைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த நீதிமன்றம் என்பதை விட்டுவிடுகிறேன். யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதை எழுதவில்லை.

2018-ல் நடந்தது. என் அக்கா தோட்டத்தில் இலை பறிக்கும் வேலையில் இருந்தார். சாயங்காலம் எடை போட்டு முடித்து, சாலையோரமாக வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். பனி இறங்கியிருந்த நேரம். எதிரே வந்த கார் வளைவில் திரும்பாமல் நேராக வந்து, தடுப்புச் சுவரோடு சேர்த்து அவர் காலை நசுக்கிவிட்டது. பக்கத்து மருத்துவமனையில் கட்டுப்போட்டு, ஆம்புலன்ஸில் மலையிறங்கிக் கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் நள்ளிரவு ஆகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஓட்டியவர் குடித்திருந்தார். ரத்தப் பரிசோதனையில் அது உறுதியானது. ஆகவே அந்த வழக்கில் ஆதாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியதற்கு 279, கொடுங்காயம் ஏற்படுத்தியதற்கு 338. இரண்டிலும் அபராதத்தின் உச்சம் ஆயிரம் ஆயிரம் ரூபாய். குடித்து ஓட்டியதற்கு இரண்டாயிரம். மொத்தம் நாலாயிரம். அதோடு நீதிமன்றம் கலையும் வரை தண்டனை. அதாவது அன்று மாலை வரை நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். 338-ல் இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடம் இருந்தது. ஒரு வாரம்கூட இல்லை.

அவர் ஒப்புக்கொண்டுவிட்டதால் அக்காவைச் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. சரிவில் நின்று கொழுந்து பறிக்கிறவருக்கு ஒரு கால் போனால் என்ன ஆகும் என்பதை நீதிபதி கேட்கவே இல்லை. மருத்துவச் சான்றில் ஊனம் இத்தனை விழுக்காடு என்று எழுதுவார்கள். மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். தேயிலைச் சரிவு சமதளம் அல்ல. மழையில் வழுக்கும் மண்ணில் முதுகில் பாரத்தோடு ஏறி இறங்க வேண்டும். அக்காவின் சம்பாத்தியம் அன்றோடு முழுதாக நின்றது. அந்த நாலாயிரம் ரூபாய் அரசுக் கணக்குக்குப் போனது. காப்பீட்டுப் பணம் தீர்ப்பாயத்தில் பல ஆண்டு இழுத்து வந்தது, அது வேறு கதை. ஓட்டியவர் கெட்டவராக எனக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அதே காரை எடுத்து ஓட்டிக்கொண்டு போனார். என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது அதுதான். அபராதம் குறைவு என்பதை விட, அன்றே ஸ்டீயரிங்கைப் பிடிக்க அவருக்கு எந்தத் தடையும் இல்லை என்பது.

புதிய சட்டத்தில், அதாவது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், கொடுங்காயத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம் என்று ஆகியிருக்கிறது. அந்த 'அல்லது' அப்படியே இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு எந்தப் பக்கம் போவது என்பது உங்கள் கையில். தண்டனை போதவில்லை என்ற பேச்சு எப்போதும் செத்தவர்களைச் சுற்றியே நடக்கிறது. கால் போனவர், முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவர், மூளையில் அடிபட்டுப் பேச்சு போனவர், இவர்கள் செய்தித்தாளில் 'படுகாயம்' என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடுகிறார்கள்.

சாவு நேர்ந்த வழக்குகளுக்கு வருகிறேன். அஜாக்கிரதையால் சாவு நேர்ந்தால், பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அதிகபட்சமே இரண்டு ஆண்டுதான். இப்போது புதிய சட்டத்தின் 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை. அதே சமயம் 105 என்று ஒன்று இருக்கிறது. சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்த செயலால் ஒருவர் இறந்தால் பத்து ஆண்டு வரை. முதலாவதில் ஜாமீன் உரிமை, பெரும்பாலும் ஸ்டேஷனிலேயே வெளியே வந்துவிடலாம். இரண்டாவதில் அப்படி வர முடியாது, வழக்கும் அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். ஆக, எந்தப் பிரிவில் எஃப்ஐஆர் எழுதப்படுகிறது என்பதிலேயே பாதி தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. 2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் கார்ட்டர் சாலை நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது குடித்தவர் ஓட்டிய கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். மும்பை உயர் நீதிமன்றம் அதைத் தெரிந்தே செய்த குற்றமாக மாற்றி மூன்று ஆண்டு ஆக்கியது. அலிஸ்டர் அந்தோணி பெரேரா வழக்கு என்று அறியப்படும் அதில் 2012-ல் உச்ச நீதிமன்றம் அந்த மூன்று ஆண்டை உறுதி செய்தது. அதே ஆண்டு தில்லி பிஎம்டபிள்யூ வழக்கிலும், 1999-ல் ஆறு பேரைக் கொன்ற அந்தச் சம்பவம் வெறும் அஜாக்கிரதை அல்ல என்று தீர்ப்பானது. ஆனால் தண்டனை? ஏற்கெனவே கழித்த இரண்டு ஆண்டே போதும் என்று விட்டு, 50 லட்சம் ரூபாயும் இரண்டு ஆண்டு சமூக சேவையும் விதித்தார்கள். குற்றத்தைப் பெரிதாகப் பெயரிட்டு, தண்டனையைச் சிறிதாகவே வைத்தார்கள். அந்த இரண்டாவது பாதியைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2024 மே மாதம் புனேயில் இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தபோது, போர்ஷே ஓட்டிய 17 வயதுப் பையனுக்கு முதலில் ஜாமீன் கொடுத்த சிறார் நீதி வாரியம் 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்னது நாடு முழுவதும் பேசப்பட்டது. அவனுடைய ரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களே கைதானார்கள்.

அஜாக்கிரதைக்கும் தெரிந்தே செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தில் நம் மலைக்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. அதை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சமவெளியில் நாலுவழிச் சாலையில் போகிறவர், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று சொன்னால் ஒருவேளை நம்பலாம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கினால் 36. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் கியரில் இறங்கு என்று எழுதியிருக்கிறார்கள். கல்லட்டியில் வெளியூர் வண்டிகள் இறங்கவே கூடாது என்று தடை இருக்கிறது. குடிக்காத ஓட்டுநருக்கே அந்தச் சரிவு பழக்கமில்லாவிட்டால் பிரேக் பிடிக்காமல் போகும் என்பதால் வந்த தடை அது. இவ்வளவையும் கண்ணால் பார்த்துக்கொண்டே ஒருவர் குடித்துவிட்டு இறங்குகிறார் என்றால், என்ன நேரும் என்று அவருக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அந்தச் சாலையில் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே கேரட் பிடுங்கப் போகிறவர்கள் பிக்கப் வண்டியில் நின்றுகொண்டு போகிறார்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி லாரிகள் இறங்குகின்றன. இரவு ஷிப்டு முடிந்து தேயிலை ஃபேக்டரியிலிருந்து ஆட்கள் நடந்து வருகிறார்கள். நடைபாதை என்று ஒன்று எங்கேயும் இல்லை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஒதுங்க இடமில்லாத சாலை இது.

காவல்துறை 106 என்று எழுதி அனுப்பினாலும், குற்றச்சாட்டை மாற்றவும், வழக்கை அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு. எல்லா வழக்கிலும் 105 போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. குடித்திருந்தது ரத்தத்தில் உறுதியாகி, மலைச் சாலையில் ஓர் உயிர் போயிருந்தால், ஏன் 105 இல்லை என்ற கேள்வியையாவது அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ரத்தம் என்றதும் இன்னொன்று. கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் அவரை விட்டுவிட வேண்டும் என்கிறது சட்டம். இந்த மலையில் இரண்டு மணி நேரம் எப்படிப் போகும் என்பது இங்கே இருக்கிற யாருக்கும் தெரியும். மஞ்சூரைத் தாண்டி ஒரு விபத்து என்றால் காவலர் வந்து சேர்வதே தாமதம். முதலில் அடிபட்டவர்களைத் தூக்க வேண்டும், அதுதான் நியாயமும். ஓட்டியவர் அதற்குள் ஒரு காபி குடித்து முகம் கழுவி நிதானமாகிவிடுவார். பிறகு 'மது அருந்தியிருந்தார், ஆனால் போதையில் இல்லை' என்று ஒரு சான்றிதழ் வரும். எத்தனை மில்லி கிராம் என்ற எண் இல்லாத அந்தத் தாளை வைத்துக்கொண்டு 185-ஐ நிரூபிக்க முடியாது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் குடித்து ஓட்டியதால் இறந்தவர்கள் சுமார் இரண்டரை விழுக்காடு என்று அரசுப் புள்ளிவிவரம் சொல்கிறது. பெரும்பகுதி 'அதிவேகம்' என்ற தலைப்பில் இருக்கிறது. அந்த இரண்டரையை நான் நம்பவில்லை. ரத்தம் எடுக்காத வழக்கெல்லாம் வேகக் கணக்கில் போய் விழுகிறது என்றே நினைக்கிறேன். ரத்தம் ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் ஒவ்வொரு வழக்கிலும் கேட்க ஆரம்பித்தால், அடுத்த மாதமே ஸ்டேஷன்களில் மாற்றம் தெரியும்.

நீதிமன்றம் சொன்னால் இந்த மாவட்டம் கேட்கும் என்பதற்கு எங்கள் கண்முன்னாலேயே சான்று இருக்கிறது. காட்டில் உடைந்து கிடக்கும் மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022-ல் நம் மாவட்டத்தில்தான் முதலில், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் திட்டம் வந்தது. முடியாது என்று சொன்னார்கள், நடந்தது. பிறகு மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 ஏப்ரலில் தொடங்கிய கோடை சீசனில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வண்டிகளுக்கே உச்சவரம்பு வைத்தார்கள். அதுவும் நடந்தது. காலி பாட்டிலைக் கவனித்த நீதிமன்றத்தால் அதைக் குடித்தவரின் கையில் இருக்கும் ஸ்டீயரிங்கையும் கவனிக்க முடியும்.

நம் பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவரை இங்கே நினைவுபடுத்த வேண்டும். கோயம்புத்தூர் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில்தான் 2014-ல் உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையிலான அந்தக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது: குடித்து ஓட்டினால் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் முடக்குங்கள், முதல் குற்றத்துக்கே சிறைத் தண்டனையைக் கோருங்கள் என்று. நான் கேட்பது புதிதல்ல.

ஏழை ஓட்டுநரின் உரிமத்தைப் பிடுங்கினால் குடும்பம் என்ன ஆகும் என்று கேட்பார்கள். எங்கள் ஊரிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மாக்சிகேப் ஓட்டுகிறவர்கள் என் சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள். பயணிகளுக்கு அறை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓட்டுநரை மட்டும் குளிரில் வண்டிக்குள் படுக்க விடுகிற பழக்கம் இந்த மலையில் நெடுநாள் இருந்தது, அது தவறு. குளிருக்கு ஒரு கட்டிங் என்று தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும், காலையில் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர்தான். ஆறு மாதம் அவர் வேறு வேலை செய்யலாம். லோடு ஏற்றலாம், தோட்டத்துக்கு வரலாம், நானே வேலை தருவேன். அக்காவுக்கு அப்படி ஒரு ஆறு மாதம் கிடையாது. பணக்காரருக்கு அபராதம் வலிக்காது, ஏழைக்கு வலிக்கும். உரிமம் போனால் இருவருக்கும் ஒரே மாதிரி வலிக்கும். அந்த வகையில் பார்த்தால் அபராதத்தை விட அதுதான் நேர்மையான தண்டனை.

பத்து ஆண்டு சிறை என்று எழுதி வைத்தால் குடிப்பவர் பயந்துவிடுவார் என்று நான் நம்பவில்லை. நம்மைப் பிடிக்க மாட்டார்கள், பிடித்தாலும் ஒன்றும் ஆகாது என்றுதான் அவர் நினைக்கிறார். சில நாளாவது கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும், ஆறு மாதம் வண்டியைத் தொட முடியாது, இது யாராக இருந்தாலும் நடக்கும் என்று தெரிந்தால் காரில் கூட வருகிறவர்களே சாவியை வாங்கிக்கொள்வார்கள். அவர்களையும் விடக்கூடாது. குடித்து ஓட்டத் துணை போனவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-வது பிரிவில் அதே தண்டனை உண்டு. ஜப்பானில் 1999-ல் குடித்த லாரி ஓட்டுநரால் இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் காருக்குள் எரிந்து இறந்தார்கள். அவருக்குக் கிடைத்தது நாலு ஆண்டு. பெற்றோரும் பொதுமக்களும் எழுப்பிய குரலில் 2001-ல் சட்டமே மாறியது. 2007-க்குப் பிறகு வண்டியைக் கொடுத்தவர், மதுவை ஊற்றிக் கொடுத்தவர், தெரிந்தே கூட ஏறியவர் எல்லோரும் அங்கே தண்டனைக்கு உரியவர்கள். நம்மிடம் 188 சும்மா கிடக்கிறது.

இரண்டாவது தடவை பிடிபட்டவரும் முதல் தடவைக்காரராகவே உங்கள் முன் நிற்கக்கூடும். பழைய வழக்கு வேறு ஊரில், வேறு மாவட்டத்தில் இருக்கும். உரிமத்தின் விவரமெல்லாம் இப்போது கணினியில் இருக்கிறது. முந்தைய தண்டனை உண்டா இல்லையா என்று ஒரு தாள் கோப்பில் இல்லாமல் ஒப்புதலை ஏற்காதீர்கள்.

அப்புறம், அடிபட்டவரைக் கூப்பிடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் கூப்பிடுங்கள். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-இன் 395-வது பிரிவில் இழப்பீடு வழங்க உத்தரவிட உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீட்டைப் பற்றி நீதிமன்றம் மனம் செலுத்தியே ஆக வேண்டும் என்று 2013-ல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காப்பீட்டுத் தீர்ப்பாயம் தனியாக இருக்கிறதே என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். தீர்ப்பாயத்தின் பணம் வரும் வரை வீட்டில் உலை வைக்க வேண்டும்.

இந்த மடலின் படி ஒன்றை ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்புகிறேன். 2018-ல் எங்களுக்கு இந்தப் பிரிவுகள் எதுவும் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. 'டிடி' வழக்கில் காயம்பட்டவர் இருந்தால், ஒப்புதல் பதிவாகும் நாளை அவருக்கு முன்கூட்டியே தெரிவித்து, ஒரு சட்ட உதவி வழக்கறிஞரை அவர் பக்கத்தில் நிறுத்த ஆணைக்குழு ஏற்பாடு செய்ய வேண்டும். செப்டம்பரில் இரண்டாவது சீசன் தொடங்குவதற்குள் இதைச் செய்ய முடியும் என்று நினைக்கிறேன்.

மிகுந்த மரியாதையுடன்,
கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறு தேயிலை விவசாயி